குடும்பத்தோடு பயிற்சியா, வாரம் ஒரு ஊசியா?

உடல் பருமன் உள்ள பிள்ளைக்கு, சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொள்ளக் குடும்பமே சேர்ந்து போகும் பயிற்சி ஒரு வழி. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023-ல் சொன்ன கணக்கு: 3 முதல் 12 மாதத்துக்குள் பயிற்சி தருபவர்களோடு குறைந்தது 26 மணி நேரம் நேரடிச் சந்திப்பு. எடை பார்த்து, 'கொஞ்சம் குறைச்சுக்கோ கண்ணு' என்று அனுப்பிவிடுவது இதில் சேராது. அப்பாவும் செல்போனை வைத்துவிட்டு நடக்க வேண்டும். அங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள்.

இன்னொன்று, பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட் என்ற வார ஊசி. 12 வயதிலிருந்துதான். 68 வார ஆய்வில் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. பயிற்சி மட்டும் அவ்வளவு தராது. ஆனால் குமட்டல், வாந்தி உண்டு. நிறுத்தினால் எடை திரும்ப வாய்ப்பு அதிகம்.

8 வயது என்றால் யோசனையே வேண்டாம், பயிற்சிதான். 15 வயதில் சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது, டாக்டரும் சொல்கிறார் என்றால் ஊசியைத் தள்ளிப்போட மாட்டேன். அந்த ஆய்விலும் ஊசியோடு வாழ்க்கைமுறை ஆலோசனை சேர்ந்தே இருந்தது.