டிஎல்எல் காணோம் என்று வந்தால் ஃபார்மட் போட விடாதீர்கள்

என் மனைவி எம்பிராய்டரி டிசைன் போடும் சாஃப்ட்வேரில் புது வெர்ஷன் ஏற்றியதிலிருந்து அது திறக்கவே இல்லை. விசிரன்டைம்140.டிஎல்எல் (சாஃப்ட்வேர் ஓடத் தேவையான ஒரு துணை ஃபைல்) இல்லை என்று ஒரு பெட்டி மட்டும் வந்தது. மறுபடி இன்ஸ்டால் செய்தும் அதே கதை, சரி என்று பக்கத்து சர்வீஸ் கடையில் லேப்டாப்பைக் கொடுத்தோம்.

கடைக்காரர் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒற்றை ஃபைலை மட்டும் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் ஒட்டினார். இப்போது வேறு பிழை, 7பி என்று முடியும் ஒரு எண். உடனே "விண்டோஸ் கரப்ட் சார், ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும்" என்றார். 64-பிட் ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் 32-பிட் ஃபைலைப் போட்டால் வரும் எண்தான் அது. அவரே கெடுத்துவிட்டு, ஃபார்மட்டும் போட்டு, அதற்கும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் டிசைன்களை எடுத்து வைக்கச் சொல்லித்தான் கொடுத்தோம், "எல்லாம் எடுத்துட்டேன்" என்றும் சொன்னார். எடுத்தது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி வகை டிஸ்க், ஃபார்மட் ஆனபின் அதிலிருந்து மீட்பது அநேகமாக நடக்காத காரியம். வாடிக்கையாளர்களின் ஆர்டர் டிசைன்கள் எல்லாம் போயின.

இத்தனைக்கும் பிறகு வீட்டில் திறந்தால் அதே பழைய டிஎல்எல் பெட்டி! அந்த ஃபைல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2015-2022 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்போடு வருவது, ஃபார்மட் போட்டால் எங்கிருந்து வரும்? மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்86 (32-பிட்), எக்ஸ்64 (64-பிட்) இரண்டையும் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், காபி ஆறுவதற்குள் சாஃப்ட்வேர் திறந்துவிட்டது. டிஎல்எல்லைத் தனியாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள், அந்த ஃபைலில் யார் என்ன சேர்த்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. லேப்டாப்போடு வந்தது ஒரிஜினல் விண்டோஸ் ஹோம். திரும்பி வந்தது ப்ரோ. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தால், உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று காட்டுகிறது. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? கிராக், அதாவது திருட்டு ஆக்டிவேஷன் போட்டிருக்கிறார்கள், அது மாட்டாமல் இருக்க விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டருக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதே லேப்டாப்பில்தான் என் மனைவி பேங்க் கணக்கும் பார்க்கிறாள். கடையில் கொடுத்து வாங்கியவர்கள் இந்த இரண்டு இடங்களையும் இன்றே பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "வேலை பாத்தாச்சே சார்" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் வெறும் "சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருக்கிறார், ஆகவே நீங்கள் கொடுக்கும்போதே என்ன வேலை, எந்த டேட்டா எடுத்து வைக்கப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.