தஞ்சாவூரில் "நடை சாத்திருவாங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் உஷார்

போன மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதாகத் திட்டம். முதல் கோயிலை முக்கால் மணி நேரம் பார்த்தோம். இரண்டாவதில் சாத்திய கதவைப் பார்த்தோம். மூன்றாவதன் பக்கமே போகவில்லை. கையை விட்டுப் போனது 14,300 ரூபாய். யார் பெயரும் இதில் வராது. எனக்கே அந்த ஆட்களின் உண்மையான பெயர் தெரியாது என்பது வேறு விஷயம்.

உழவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் இறக்கிவிட்டது. ஜங்ஷன் வாசலிலேயே ஓர் ஆட்டோக்காரர் பையை வாங்கிக்கொண்டார். பெரிய கோயில் பக்கத்தில் லாட்ஜ் என்றேன். "அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்கக்கா. சுத்தித்தான் போவணும், 300 குடுங்க." ஸ்டேஷனிலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டர் சுமார்தான். தோண்டிய ரோடு எதுவும் வழியில் கண்ணில் படவில்லை. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எந்த ஊர் ஸ்டேஷன் வாசலிலும் நடப்பதுதான். ஆட்டோவில் நடந்த பேச்சுதான் முக்கியம்.

எங்கெங்கே போகப் போகிறோம் என்று மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஆரம்பித்தார்: "மத்தியானம் எல்லாக் கோயில்லயும் நடை சாத்திருவாங்கக்கா. நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. பஸ்ஸ நம்பிப் போனீங்கன்னா அம்மாவ வச்சுக்கிட்டு ஒரு கோயில்கூடப் பாக்க முடியாது. நம்ம தம்பி வண்டி இருக்கு. மூணு கோயிலுக்கும் சேத்து 3,500. ஏழு மணிக்கு லாட்ஜ் வாசல்ல நிப்பான்."

இதில் பொய் எதுவும் இல்லை, கவனியுங்கள். நடை சாத்துவது உண்மை. அதனால்தான் நம்பினேன். அங்கேயே 2,000 ரூபாய் ஜிபேயில் அட்வான்ஸ் போட்டேன். திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். வீட்டுக்காரம்மா கணக்கு என்றார். தலையாட்டினேன்.

ஏழு மணி வண்டி எட்டேகாலுக்கு வந்தது. வெள்ளை நம்பர் பிளேட். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து, அதாவது டி-போர்டு, இருக்க வேண்டும் என்று தெரிந்தும் ஏறினேன். ஏற்கெனவே தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம்.

பெரிய கோயிலில் டிரைவரே ஒரு 'கைடு'வை ஒட்டிவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. விமானம் 216 அடி, ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தான் என்பதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "இந்த விமானத்தோட நிழல் தரையிலயே விழாதும்மா" என்றார். காலை வெயிலில் பிரகாரத் தரையில் நீளமாக விழுந்து கிடந்த நிழலில்தான் அம்மா அப்போது நின்றுகொண்டிருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இது யாரோடதுங்க?" என்றார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்து நிறுத்திய கதைக்குத் தாவிவிட்டார். 400 ரூபாய்.

நான் பார்க்க ஆசைப்பட்டுப் போனது கல்வெட்டுகளை. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் வெட்டச் சொன்ன வரி. கொடுத்த பொன்னை எல்லாம் ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்துக் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தேடுவதற்குள் டிரைவர் போன்: "அக்கா, தாராசுரம் நடை சாத்திருவாங்க, வாங்க வாங்க." ஓடினோம்.

அப்படி ஓடி வந்தவர்களை அவர் கூட்டிப்போனது தாராசுரத்துக்கு இல்லை. முதலில் டீசல். பிறகு டயரில் காற்று. பிறகு ஊர் எல்லையில் 'ஓவியப் பட்டறை' ஒன்று. "சும்மா பத்து நிமிஷம், வாங்கவே வேணாம்." உள்ளே இரண்டு பெண்கள் பலகை மேல் குனிந்து கண்ணாடிக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். அது நிஜ வேலைதான். ஆனால் விற்பனைக்கு மாட்டியிருந்தவை அந்தக் கைகள் செய்தவையா என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்கு நாற்காலி, மோர், மின்விசிறி. 22 கேரட் தங்கத் தாள், பலாப் பலகை என்று சொல்லி, வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன் ஒன்றை 8,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். கையில் ஒரு 'சான்றிதழ்'. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

வெளியே வரும்போது கண்டதைச் சொல்ல வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நீள நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் வண்டி நம்பர், பக்கத்தில் 8,500, அதற்கடுத்த கட்டத்தில் இன்னொரு தொகை. நான் எட்டிப் பார்ப்பது தெரிந்ததும் நோட்டை மூடிவிட்டான். நடை சாத்திவிடும் என்று எங்களை விரட்டிய டிரைவர், அந்த ஒன்றரை மணி நேரமும் வாசலில் காபி குடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடப் போன் வரவில்லை.

தாராசுரம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. சன்னிதி சாத்தியாகிவிட்டது. கருவறையின் வெளிச்சுவரில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அம்மா பெரியபுராணச் சொற்பொழிவுக்குப் பல வருஷமாகப் போகிறவர், அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே. வெளியில்தானே இருக்கிறது, பார்க்கலாமே என்பீர்கள். மே மாத நண்பகலில் வெறுங்காலோடு கல் தளத்தில் நாலடி வைத்துப் பாருங்கள். முட்டிவலிக்காரர், துள்ளவும் முடியாது. மண்டப நிழலில் உட்கார்ந்து, பாதத்தைத் தேய்த்தபடி, "விடுடி, இன்னொரு தடவ பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அந்த 14,300-ஐவிட இதுதான் ஆறவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம்? "அணைக்கரைப் பாலத்துல வண்டி விட மாட்டேங்கறாங்கக்கா." கும்பகோணத்தில் சாப்பிட்ட இடத்தில் விசாரித்தேன். காலையிலிருந்து கார் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றார்கள். இதைச் சொன்னதும் டிரைவரின் குரல் மாறியது. நாலு மணி வரை நிற்க வெயிட்டிங், ராத்திரி பேட்டா என்று ஏதேதோ. திரும்பிவிடச் சொன்னேன். கடைசிக் கணக்கு 5,100. பேட்டா, வெயிட்டிங், அப்புறம் 'எக்ஸ்ட்ரா கிலோமீட்டர்'. இருப்பதிலேயே தூரமான கோயிலை விட்டுவிட்டு வந்த வண்டிக்கு எக்ஸ்ட்ரா கிலோமீட்டர்! ஊருக்குள் டிராஃபிக் என்று சொல்லி, லாட்ஜில் விடாமல் புதிய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். அது ஊரைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸில் வந்தோம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, கண்டக்டர் இரண்டு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய கோயில் கூப்பிடு தூரம். காலையிலேயே இது தெரிந்திருக்கலாம்.

மறுநாள் இரண்டு போன் நம்பரும் எடுக்கவில்லை. படம் நான்காவது மாதம் ஓரங்களில் பச்சை பூத்தது. தஞ்சாவூர் ஓவியம் வரையும் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, "பிளைவுட் இப்ப எல்லாரும் போடறதுதான், அது தப்பில்ல. ஆனா தங்கம் பச்சை பூக்காதுடி" என்றாள். வாங்குவதாக இருந்தால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் பில்லோடு வாங்குங்கள்.

மூன்று கோயிலையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். அடைத்தால்தான் இந்த நடை சாத்தும் பயம் வேலை செய்யும். பெரிய கோயிலை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், கல்லும் ஆறியிருக்கும், விமானத்தின் நிறமும் அப்போதுதான் பிடிபடும். மதியத்தை அரண்மனைக்கும் அங்குள்ள செப்புத் திருமேனிகளுக்கும் கொடுங்கள். தாராசுரம் கும்பகோணத்துக்குச் சற்று முன்னால்தான், தஞ்சாவூர் – கும்பகோணம் பஸ் அடிக்கடி உண்டு. காலை வெயிலுக்கு முன் போய்விடுங்கள். கார்தான் என்றால் டி-போர்டா என்று பாருங்கள். கோயில் பெயர்கள், கிலோமீட்டர், பேட்டா எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். 'கடை எதிலும் நிற்கக் கூடாது' என்பதையும் சேர்த்து.

தை மாதம் மறுபடி போகிறோம். இந்த முறை கும்பகோணத்தில் ரூம். அம்மா இப்போதே தடிமனாக ஒரு ஜோடி காலுறை வாங்கி வைத்துவிட்டார்.