டியூப் ஃப்ளை அடாப்டர்: விலை இறங்கிவிட்டது, வாங்கலாமா?

"அண்ணே, அந்த அடாப்டர் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" என்று இங்கே ஸ்காட்லாந்தின் ஆபர்தீனில் என்னோடு டீ (Dee) ஆற்றுக்குச் சால்மன் பிடிக்க வரும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தப் பதிவு.

பொருள் என்னவோ எளிமையானதுதான். ஃப்ளை என்பது முடியும் நூலும் கொண்டு கட்டிய போலித் தூண்டில் இரை; டியூப் ஃப்ளையை முள்ளின்மேல் அல்லாமல் ஒரு சின்னக் குழலின்மேல் கட்டுவோம். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வழக்கமான வைஸின் (மேஜைப் பிடிகருவியின்) தாடையில் இந்த அடாப்டரைக் கவ்வக் கொடுக்க வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு ஊசியில் குழலைச் செருகி, அதன்மேல் நூல் சுற்றி முடியைக் கட்ட வேண்டும். சில சீசன்களாக என் மேஜையில் இருக்கிறது. துரு இல்லை, ஊசி வளையவில்லை, திருகு தேயவில்லை. தயாரித்தவர்கள் இரும்பில் குறை வைக்கவில்லை.

ஆனால் குழல் சுற்றுகிறது. அவ்வளவுதான் என் புகார். அது போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க. (ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மன் பிடிக்கத் தடை. அன்றுதான் எல்லோரும் ஃப்ளை கட்ட உட்காருவோம்.)

வில்லி கன் என்ற ஃப்ளையைக் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடல், தங்க ஜரிகை, மேலே மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு மூன்றும் கலந்த மான்வால் முடி. நான் முடியை நான்கு கற்றையாகப் பிரித்து, குழலைக் கால்வட்டம் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகக் கட்டுவேன். முதல் கற்றையை வைத்து நூலை இறுக்கினால், நூல் போகும் திசையிலேயே குழலும் நழுவி, மேலே வைத்த முடி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். சரி, ஊசியில் நன்றாக அழுத்திச் செருகுவோம் என்றால் குழல் இறுகிவிடும். அப்போது இரண்டாம் கற்றைக்காக நானே திருப்பப் பார்த்தால் அசையாது. பிடுங்கி, திருப்பி, மறுபடி செருக வேண்டும். திரும்பாதே என்றால் திரும்பும், திரும்பு என்றால் அடம் பிடிக்கும்.

பித்தளை, செப்புக் குழல்களில் இன்னொரு வம்பு. உலோக விளிம்பு தூண்டில் நரம்பை அறுத்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் லைனர் (உள்குழாய்) இருக்கும். ஊசியை இறுக்கினால் அந்த லைனர் முன்பக்கம் பிதுங்கி வருகிறது. தலை கட்டி முடித்து, லைனரை நறுக்கி, நுனியை லைட்டரில் காட்டி விளிம்பு உருட்டும்போதுதான் பின்பக்கம் லைனர் உள்ளே போயிருப்பது தெரியும். அந்த ஃப்ளை குப்பைக்குத்தான். பிப்ரவரியில் சீசன் திறக்கும்போது தண்ணீர் பனிபோல் இருக்கும், மீன் அடியிலேயே கிடக்கும், கனமான குழல் இல்லாமல் கதையில்லை. அதாவது, எனக்கு அதிகம் தேவைப்படும் குழலில்தான் இந்தச் சாதனம் அதிகம் சொதப்புகிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். பிளாஸ்டிக் குழலில் இதே அடாப்டர் தங்கமாக வேலை செய்கிறது. நார்வேயின் லேர்டால் ஆற்றில் பிறந்த சன்ரே ஷேடோ என்ற ஃப்ளையை நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். நீளமான கறுப்பு முடி, அடியில் கொஞ்சம் வெள்ளை, நான்கு சுற்று நூல், ஒரு துளி வார்னிஷ். மே மாதம் தண்ணீர் வற்றித் தெளிந்தபின் அரை அங்குலக் குழலில் கட்டும் பொடி ஃப்ளைகளுக்கும் இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை.

டியூப் ஃப்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. 1945 வாக்கில் இதே ஆபர்தீனில், ப்ளேஃபேர் நிறுவனத்தில் ஃப்ளை கட்டிக்கொண்டிருந்த மொராவ்ஸ்கி என்ற பெண்மணி வான்கோழி இறகின் காம்பைக் குடைந்து இந்த ஃப்ளையை முதலில் கட்டியதாகச் சொல்வார்கள். அன்று அவர் விட்டுப்போன வசதி இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. மீன் கவ்வியதும் குழல் நரம்பில் வழுக்கி மேலே போய்விடும். வாயில் மாட்டியிருப்பது சின்னத் தூண்டில் முள் மட்டும். நீளமான முள்போல நெம்பிக்கொண்டு கழன்று வராது. மீனின் பல்லில் சிக்கி முடி பிய்வதும் குறைவு. கல்லில் பட்டு முள் மழுங்கினால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும். டீ ஆற்றில் பிடிக்கும் சால்மன் அத்தனையையும் திரும்ப விடுகிறோம். எதிர்முள்ளை (முள் கழன்றுவிடாமல் தடுக்கும் பின்கொக்கியை) நசுக்கிய சின்ன முள் என்றால் கையில் தூக்காமலே தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடலாம். ஆற்றுக்குள் ஏறிய சால்மன் இரை எடுப்பதில்லை, எரிச்சலில்தான் கடிக்கிறது என்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது.

இப்போது ஊசியின் அடிப்பகுதியில் பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன். குழல் நழுவுவது பாதிக்குப் பாதி குறைந்தது. காசு கொடுத்து வாங்கிய சாதனத்துக்கு நான் எதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற கோபம் மட்டும் குறையவில்லை.

ஆகவே தம்பி, வாங்காதீர்கள். பத்து பவுண்டு இறங்கினாலும் வாங்காதீர்கள். என்னுடையதை இரவல் கேட்டால், அதுவும் தரமாட்டேன், வாரக் கடைசியில் எனக்கு வேண்டும். இவ்வளவு சொல்லியும் வாங்குவேன் என்றால் மூன்று அளவு ஊசியும் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய ஊசிதான் முதலில் தொலையும், அதைத் தனியாக விற்க மாட்டார்கள்.