அச்சில் இழுத்ததா, அச்சடித்ததா? ஸ்டோர்ம்ட்ரூப்பர் கவசத்துக்கு மூன்று வழிகள்

1977-இல் வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டோர்ம்ட்ரூப்பரின், அதாவது வில்லன் கூட்டத்துச் சிப்பாயின், முன்கையில் நீளவாக்கில் ஒரு பட்டை ஓடுவது தெரியும். தொடையிலும் உண்டு, கெண்டைக்காலிலும் உண்டு. ஏதோ வருங்காலத் தொழில்நுட்பம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. இரண்டு பிளாஸ்டிக் பாதிகள் சேரும் இடம் அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று மேலே ஒட்டிய துண்டு அது. கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற வேலைதான்.

இந்தக் கவசத்தைத் திரையில் கண்டபடியே வீட்டில் செய்ய நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அச்சில் இழுத்துச் செய்த துண்டுகள் அடங்கிய கிட்டை வாங்கி வெட்டி ஒட்டுவது, 3டி பிரிண்டரில் அச்சடிப்பது, ஃபோம் தகட்டில் வெட்டி எடுப்பது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட். அதற்குக் காரணமும் அந்த ஒட்டுப் பட்டைதான்.

சூடான அப்பளத்தைக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் போட்டால், ஆறும்போது கிண்ணத்தின் உருவிலேயே விறைத்து நின்றுவிடும் அல்லவா? கிட்டை இழுக்கும் முறையான வேக்யூம் ஃபார்மிங்கும் அதே கதைதான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றுவார்கள். தொளதொளவென்று ஆனதும் அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சோடு ஒட்டி இறுகும். மூடிய குழாயை இப்படி இழுக்க முடியாது, அச்சு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் கை, கால் எல்லாமே இரண்டு பாதிகள். பாதி என்றால் இணைப்பு வரும், இணைப்பு என்றால் பட்டை வரும். படத்துக்கு ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்களில் இருந்த உருவத்தை பிரையன் முயர் களிமண்ணில் கவசமாக வடித்தார். ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் அதை பிளாஸ்டிக்கில் இழுத்துக் கொடுத்தார். 1976 மார்ச்சில் துனிசியாவில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. ஒரு படத்துக்குத் தாங்கினால் போதும் என்ற கணக்கில் செய்த பொருள் அது. முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வெட்டிய ஓரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். கோடுகள் கையால் தீட்டியவை.

ஆக, திரையில் கண்டபடி என்று சொன்னால் அந்த அவசரத்தையும் சேர்த்துத்தான் நகலெடுக்க வேண்டும். 3டி பிரிண்டர் தடுமாறுவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் பல கோப்புகளில் முகத்தின் ஒரு பாதியை வரைந்து, மறுபாதியை மிரர் பட்டனைத் தட்டி முடித்திருப்பார்கள். ஹெல்மெட் அழகாக இருக்கும். ஆனால் ஏதோ ஒன்று இடிக்கும், என்ன என்று சொல்லத் தெரியாது. பாஸ்போர்ட் போட்டோவில் முகத்தை ரொம்பவும் திருத்திவிட்டால் நம்மை நமக்கே அடையாளம் தெரியாதே, அந்த மாதிரி. அசல் பொருளை ஸ்கேன் செய்து உருவாக்கிய நல்ல கோப்புகளும் உண்டு. அவற்றில் இந்தக் குறை இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை: பிரிண்டருக்கு முழுக் குழாயை ஒரே மூச்சில் அச்சடிக்கத் தெரியும், இணைப்பே தேவையில்லை. இருந்தும் கோப்பை வரைந்தவர் மெனக்கெட்டு அதன் மேல் ஒரு பொய்ப் பட்டையை வரைந்து சேர்த்திருப்பார்.

கிட்டில் அந்தப் பட்டையை நாமே வெட்டி ஒட்டுகிறோம், 1976-இல் செய்தவர்கள் ஒட்டிய அதே காரணத்துக்காக. கைகளுக்கு 15 மில்லிமீட்டர் அகலம், கால்களின் முன்புறம் 20, பின்புறம் 25 என்பதுதான் இந்த வேலையில் இருப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. பாதிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் வேலை சுளுவாக முடியும், பலமாகவும் இருக்கும். ஆனால் முதல் படத்துக் கவசம் வேண்டுமென்றால் விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, மேலே பட்டை, உள்ளே இன்னொரு பட்டை. வேலை இரட்டிப்புதான். வேறு வழியில்லை.

யாருக்காக இவ்வளவு துல்லியம் என்று கேட்பீர்கள். 1997-இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501வது லீஜன் என்ற ரசிகர் அமைப்பு இருக்கிறது. படத்தின் வில்லன் கூட்டத்து உடைகளைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைகளுக்கும் நன்கொடை நிகழ்ச்சிகளுக்கும் போகிறவர்கள். 2007-இல் அமெரிக்காவின் பசடினா நகரில் நடந்த ரோஸ் பரேட் ஊர்வலத்தில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தலைமை விருந்தினராக வந்தபோது இவர்களில் 200 பேர் அணிவகுத்தார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், உடை அவர்களுடைய குறிப்பேட்டின்படி இருக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால்தான் தெரியும், ஸ்டோர்ம்ட்ரூப்பர் என்று ஒருவன் இல்லை, பல பேர். முதல் படத்திலேயே கேமராவுக்கு அருகில் வருகிறவன் ஒருவன், அவன் ஹெல்மெட்டில் கண்ணாடி குமிழ் போலப் புடைத்திருக்கும். ஓடி விழுகிறவன் இன்னொருவன், அவனுக்குத் தட்டையான கண்ணாடி. ஹெல்மெட்டின் பக்கக் குழாய்களில் வரும் நீலக் கோடுகள் முதல் படத்தில் தூரிகையால் போட்டவை, 1983-இல் வந்த மூன்றாவது படத்தில் ஸ்டிக்கர். கிட் வாங்குவதற்கு முன்பே எவன் என்று முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. நான் எடுத்தது ஓடி விழுகிறவனை.

இனி கையில் பிடித்துப் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். ஏபிஎஸ் கிட் வெள்ளையாகவே வருகிறது, பளபளப்பும் அதிலேயே உண்டு. கவசத்தின் உடலுக்குப் பெயின்ட் தேவையில்லை. கீறல் விழுந்தாலும் உள்ளே வெள்ளைதான். பிரிண்டில் வருவது அடுக்கடுக்கான கோடுகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, வெள்ளை அடித்து, அதற்குமேல் பளபளப்பு. டிங்கர் கடையில் அடிபட்ட காரை ஒப்படைத்தால் என்ன செய்வார்களோ, அத்தனையும் நாமே செய்ய வேண்டும். பிரிண்டர் வேலை செய்யும் நாட்களை எண்ணாதீர்கள், அது பாட்டுக்கு ஓடும். தேய்க்கும் நாட்களை எண்ணுங்கள். வெள்ளையும் பளபளப்பும் சேர்ந்தால் ஒரு சின்னப் பள்ளமும் தப்பாது. இவ்வளவு செய்த பிறகு இரண்டு துண்டுகள் உரசும் இடத்தில் பெயின்ட் பெயர்ந்து, அடியிலிருந்து சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

எடையும் கவனிக்க வேண்டியது. கிட்டின் தகடு சுமார் 2 மில்லிமீட்டர். பிரிண்டில் பலம் வேண்டும் என்று 3 மில்லிமீட்டர் வைப்பார்கள்; பிரிண்டரில் பொதுவாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏபிஎஸ்ஸைவிட அடர்த்தியும் கூடியது. கணக்குப் போட்டால் அதே துண்டு முக்கால் பங்கு கூடுதல் கனம், பட்டியும் பெயின்ட்டும் சேர்க்காமலே. அதைவிட, பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். நண்பர் ஒருவர் பின்சீட்டில் வைத்த தோள் துண்டு மதியத்துக்குள் வாடிய வாழையிலை மாதிரி மடங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏபிஎஸ் 100 டிகிரியை நெருங்கினால்தான் இளகத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முக்கி வளைவைத் திருத்துகிற வித்தையும் அதனால்தான் பலிக்கிறது. ஏபிஎஸ்ஸுக்கும் ஒரு பகை உண்டு: வெயிலின் புற ஊதாக் கதிர். வருஷங்கள் போனால் மஞ்சள் பூக்கும். மேலே அக்ரிலிக் படலம் சேர்த்த தகடு என்றால் நெடுநாள் வெள்ளையாக நிற்கும், விலை கூடும்.

பிரிண்டர் ஜெயிக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு. அசல் கவசம் ஏறக்குறைய ஐந்தடி பத்து அங்குலம் உயரமுள்ள ஒல்லியான நடிகர்களுக்காகச் செய்தது. கிட்டைப் பெரும்பாலும் குறைக்கத்தான் முடியும். கூட்டுவதென்றால் மீந்த துண்டுகளை வைத்து ஒட்டுப் போட வேண்டும். ஆறரை அடி ஆளுக்கோ, என்னைப்போல் தொப்பை வைத்த ஆளுக்கோ அது தலைவலி. இடுப்பில் முன் தகடும் பின் தகடும் என் விஷயத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்திக்க மறுத்தன. பிரிண்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் ஒட்டுமொத்தமாகப் பெரிதாக்கினால் வயிற்றுப் பகுதியிலுள்ள பொத்தான்களும் சேர்ந்து பெருத்துவிடும். துண்டு துண்டாகத் திருத்தத் தெரிந்தவருக்குத்தான் அந்த வசதி.

ஒட்டும் பசைக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் தோற்பது இங்கேதான். உடனே பிடிக்கும் சூப்பர் க்ளூ ஆசை காட்டும். ஒரு மில்லிமீட்டர் கோணல் ஆனாலும் அது கோணல்தான், பிரிக்க முடியாது, அடி பட்டால் படக்கென்று விட்டுவிடும். ஏபிஎஸ் சீவல்களை அசிட்டோனில் கரைத்துச் செய்யும் குழம்பு இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். பிளவு அடைக்க அருமை, ஆனால் மெல்லிய தகட்டில் கூடுதலாகப் பட்டால் வெளிப்பக்கம் வரை நெளியும். ஈ6000 என்ற பசை ரப்பர் மாதிரி வளையும், தப்பாக ஒட்டினால் உரித்து எடுத்துவிடலாம். விலையாகக் கேட்பது பொறுமை: ஒரு இணைப்புக்கு ஒன்றிரண்டு நாள் காந்தமும் கிளாம்ப்பும் போட்டு வைக்க வேண்டும். காலில் முன்புறம் ஒட்டி, காய்ந்து, போட்டுப் பார்த்து, பின்புறம் வெட்டி, மறுபடி ஒட்டி என்று ஒரு கால் முடிய ஒரு வாரம் ஆகும். முதல் தொடைத் துண்டை நான் சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். அதற்கப்புறம் ஒட்டவில்லை.

செருப்பு கடிப்பது போல கவசமும் கடிக்கும். முழங்கால் பின்னாலும் அக்குளிலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே சதை மாட்டும். இதில் கிட், பிரிண்ட் வித்தியாசம் கொஞ்சம்தான்: ஏபிஎஸ் வளைந்து கொடுக்கும், கடித்துவிட்டு விட்டுவிடும். பிரிண்ட் வளையாது. ஒரு முறை படியில் தடுக்கி விழுந்து பாருங்கள். ஏபிஎஸ் தகடு டிச் பட்டனிலிருந்து கழன்று விழும், பிரிண்ட் அடுக்குவாக்கில் பிளக்கும்.

காசு என்று பார்த்தால் கிட் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதில் கால்வாசியில் முடிக்கலாம். ஆனால் கிட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. விற்பவர்களில் பலர் கார் ஷெட்டில் தனி ஆளாக இழுக்கிறவர்கள். நான் பணம் கட்டியவரிடமிருந்து பெரிய பழுப்புப் பெட்டி வந்து சேர ஒன்பது மாதம் ஆயிற்று, அதிலும் இடது கெண்டைக்கால் துண்டு இரண்டு, வலது ஒன்றுமில்லை. அதோடு, ஒருவர் விற்ற கவசத்திலிருந்தே இன்னொருவர் அச்செடுத்து இழுப்பதும் நடக்கிறது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி விளிம்புகள் மழுங்கும், அளவும் மாறும். வாங்குமுன் அச்சு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் வம்சாவளியே சொல்வார். பிரிட்டனில் இந்த வியாபாரம் துணிச்சலாக நடப்பதற்கு ஒரு தீர்ப்பும் காரணம்: படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் ஐன்ஸ்வொர்த் மீது போட்ட வழக்கில், இந்த ஹெல்மெட் படத்துக்குப் பயன்படும் பொருளே தவிர சிற்பம் அல்ல, அதனால் சிற்பத்துக்குள்ள பதிப்புரிமை அதற்குக் கிடையாது என்று 2011 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபோமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கத்தியும் ஹீட் கன்னும் ஒட்டுப்பசையும் இருந்தால் இரண்டு வார இறுதியில் கவசம் தயார், எடையே இராது, குழந்தைகளுக்கு அதுதான் சரி. ஆனால் விறைப்பும் கண்ணாடிப் பளபளப்பும் கொண்ட வெள்ளை பிளாஸ்டிக்காக அதைக் காட்டுவது கஷ்டம். கல்லும் தோலும் பழைய இரும்புமாகத் தெரிய வேண்டிய கவசங்களுக்கு ஃபோம் ராஜா. இதற்கு இல்லை.

கிட் கட்சிக்காரனான நானே பிரிண்டரிடம் சரணடைந்த ஒரு சாமான் உண்டு. துப்பாக்கி. படத்தில் அவர்கள் பிடித்திருந்தது உண்மையான ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். ஓட்டைகள் போட்ட குழலில் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி, மேலே ஒரு பீரங்கி வண்டி தொலைநோக்கியும் பக்கத்தில் ஒரு எண்ணும் கருவியும் மாட்டியிருந்தார்கள். இரும்பில் கடைந்த பொருளுக்கு முகக் கோணலும் இல்லை, பாதிகளும் இல்லை. அளவு துல்லியமாக இருந்தால் போதும், அது பிரிண்டரின் வேலை. கறுப்புப் பெயின்ட் ஆதலால் தேய்ப்பதிலும் கொஞ்சம் சோம்பலாக இருக்கலாம். குழலிலுள்ள ஓட்டைகளின் உள்விளிம்பை மட்டும் விட்டுவிடாமல் தேய்த்துவிடுங்கள், பிளாஷ் அடித்துப் படம் எடுத்தால் அங்கேதான் கோடு தெரிகிறது.