25 வெள்ளி மீட்டரும் ஸ்டார்ட் ஆகாத காரும்: ஆறு வருட அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் இருக்கிறோம். பின்வேலியைத் தாண்டினால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளி லிந்தாங் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸை நம்பி அந்தப் பக்கம் வேலைக்குப் போக முடியாது. காலை ஆறரைக்குக் கார் கிளம்பவில்லை என்றால் அன்றைக்கு முதல் பாடம் போச்சு.

கார் நம் நாட்டுத் தயாரிப்பு, 1.3 லிட்டர், ஆட்டோ கியர், 2011-இல் எடுத்தது. இந்தப் பகிர்வு காரைப் பற்றியது அல்ல. 2019-இல் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கிய, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டரைப் பற்றியது. விலை 25 வெள்ளி (ரிங்கிட்). டிடி830 என்று மேலே அச்சடித்திருக்கும், எல்லாக் கடையிலும் தொங்குமே, அதேதான். அதை வாங்குவதற்கு முன்பே 500 வெள்ளியைத் தொலைத்திருந்தேன். அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் முறையும் அதே 'டக்'. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரிதான் டீச்சர், வேற என்ன" என்றார். கடைக்காரரும் அதையே சொன்னார். பழைய பேட்டரிக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு 220 வெள்ளிக்குப் புதுசு மாட்டினார். கார் ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாசலில் மறுபடி 'டக்'. இந்த முறை வேறொரு பட்டறை. "ஸ்டார்ட்டர் போய்டுச்சு" என்று சொல்லி ரீகான் (பழசைச் செப்பனிட்ட) ஸ்டார்ட்டர், அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், போட்டார்கள், கூலியோடு 280 வெள்ளி. பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு அதே 'டக்'.

என் மாமனார் அப்போது எங்களோடு இருந்தார். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியே வாழ்ந்தவர். 1960-களில், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கிய ஆள். 500 வெள்ளி போனது அவருக்கு என்னைவிட வலித்தது. "ஏம்மா, யாராவது அளந்து பார்த்தாங்களா, இல்ல வாயாலயே சொன்னாங்களா?" என்று கேட்டார். பால் ஸ்டோரில் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) மெட்ரோலாக் என்ற அளவுக் குச்சியை ரப்பர் பாலில் முக்கிப் பார்ப்பாராம். எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிக் கொடுத்துவிடும். அதை வைத்துத்தான் சம்பளம். "அந்தக் குச்சிகிட்ட யாரும் வாய் பேச முடியாது" என்றார். மறுநாளே மீட்டரை வாங்கிவிட்டேன்.

முதலில் எளிய வேலை. டயலை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வைத்தால் போதும். இராத்திரி முழுக்க நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டாக வேண்டும். என் கார் 12.6 காட்டியது. புதுப் பேட்டரி, காட்டாமல் என்ன செய்யும்!

அப்புறம் மகனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பேட்டரி முனையிலேயே பார்த்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட் பத்துப் பக்கம் இறங்குவது வழக்கம். ஒன்பதரைக்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். எனக்கு 12.3-இலேயே நின்றது. இறங்கவே இல்லை. அன்றைக்கு ஹெட்லைட்டும் மங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேட்டரி செத்திருந்தால் சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கிச் சாகும், 'டக்டக்டக்டக்' என்று பல சத்தம் வரும். இங்கே பேட்டரியில் சரக்கு இருக்கிறது, ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது அளவுதான் முக்கியம். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை எஞ்சினின் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில். மகன் சாவியைத் திருப்பினான். இந்த இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்கூட வரக்கூடாது, கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு வந்தது 5.8! பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் தடித்த கறுப்பு எர்த் கேபிள்தான் வழிமறித்துக்கொண்டிருந்தது.

டவுன் கோடியில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் பொமென் (மெக்கானிக்) அண்ணனிடம் இந்த எண்ணைச் சொன்னேன். என்னை ஒரு முறை பார்த்தார், மீட்டரை ஒரு முறை பார்த்தார். படுத்துக் கீழே போய் அந்தக் கேபிளைக் கழற்றிக் கொண்டுவந்தார். நுனியில் இருந்த வளையம் பச்சை பூத்து, பழைய செப்புக் காசு மாதிரி இருந்தது. கையால் வளைத்ததும் ரப்பர் உறைக்குள்ளே 'நறநற' என்றது. உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே கம்பிகள் பொடியாகக் கொட்டின. தோட்டத்து மண் சாலை, மழை, சேறு, எட்டு வருடம். வேறென்ன வேண்டும்? புதுக் கேபிள் 18 வெள்ளி. போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். கூலி கேட்டதற்கு, "தே தாரிக் வாங்கிக் குடுங்க டீச்சர்" என்றார்.

அப்படியானால் பேட்டரி மாற்றியதும் ஸ்டார்ட்டர் மாற்றியதும் ஏன் கொஞ்ச நாள் வேலை செய்தது? இரண்டு தடவையும் அந்தக் கேபிளை ஆட்டி அசைத்திருக்கிறார்கள். மிச்சமிருந்த கம்பிகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன. பாகத்தை மாற்றியதும் ஓடுகிறது என்பதாலேயே அந்தப் பாகம்தான் கெட்டிருந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தப் பழைய ஸ்டார்ட்டர் இன்னும் எங்கள் ஸ்டோர் அறையில் கிடக்கிறது. நல்ல ஸ்டார்ட்டர்தான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. ஏழாம் நாள் பார்த்தால் மீட்டர் 11.7. ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி ஏழு நாளில் ஏன் இறங்க வேண்டும்? காரை அணைத்த பிறகும் ஏதோ ஒன்று குடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைப் போட வேண்டும். கதவையெல்லாம் மூடிக் கொஞ்ச நேரம் விட்டால் கார் தூங்கிவிடும். அப்போது 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. எனக்கு 0.20 காட்டியது. என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி ரகம். 35-ஐ 0.20-ஆல் வகுத்தால் 175 மணி நேரம், அதாவது ஏழு நாள் சொச்சத்தில் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றைப் பிடுங்கியதும் எண் 0.03-க்கு விழுந்தது. டேஷ்கேமுக்கு (முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா) ஒயர் இழுத்த ஃபியூஸ். சாவியோடு சேர்ந்து அணைய வேண்டியதை நிரந்தர மின்சாரத்தில் மாட்டியிருந்தார்கள்.

இப்படி மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்துகூடச் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் பொசுங்கிவிடும்.

நான் பொசுக்கியது வேறு விதத்தில். ஆம்பியர் பார்த்த சந்தோஷத்தில் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்தேன். மறுநாள் வோல்ட் பார்க்கலாமென்று பேட்டரி முனைகளில் வைத்ததும் 'பட்' என்று நீலப் பொறி பறந்து சிவப்பு முனையின் நுனி உருகிவிட்டது. ஆம்பியர் துளையில் வைத்தால் மீட்டர் வெறும் ஒயருக்குச் சமம், ஷார்ட் அடித்த மாதிரிதான். இந்த விலை மீட்டரில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் இல்லை. பெரிய குறை இது. கொஞ்சம் கூடக் கொடுத்து ஃபியூஸ் உள்ளதாக வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மீட்டர் எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஒயர் மட்டும் புதுசு.

2021-இல் அந்தப் பேட்டரியும் போனது. நின்றபடி 12.5, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 8.7. நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் ஏமாந்திருப்பேன். நம் வெயிலில் இரண்டு வருடம் உழைத்தாலே நல்ல பேட்டரி என்று சொல்வேன். சூட்டில் உள்ளே இருக்கும் ஈயத்தட்டு சீக்கிரம் அரித்துவிடும்.

2022-இல் வந்தது எலி. இந்த முறை ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றும்போது 10.4 வோல்ட். அப்படியானால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மூன்றையும் விட்டுவிடலாம், கோளாறு பெட்ரோலிலோ ஸ்பார்க்கிலோ இருக்கிறது. சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிக் காதைக் கொடுத்தால், பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று முனகும். முனகியது. பானட்டைத் திறந்தேன். எஞ்சின் மூடி மேல் பாதி தின்ற செம்பனைப் பழக் கொட்டைகள், நார், புழுக்கை. ஸ்பார்க் காயிலுக்குப் போகும் ஒயர்கள் இரண்டு பற்களால் சீவிய மாதிரி. ஒயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும் 'பீப்' நிலையில் மீட்டரை வைத்தேன், இரண்டும் பேசவில்லை. பொமென் அண்ணன் ஈயம் பற்றவைத்துச் சுருங்கும் உறை போட்டு 60 வெள்ளி வாங்கினார்.

எலிக்காகத்தான் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்தை எலியைத் தின்று பழத்தைக் காக்கிறது. தப்பிய எலி இராத்திரி சூடான எஞ்சினைத் தேடி எங்கள் தாமானுக்கு வந்துவிடுகிறது. வீடு வந்ததும் பானட்டைத் திறந்து விட்டால் எஞ்சின் சீக்கிரம் ஆறும், எலிக்கும் ஒளிய இருட்டு இருக்காது. அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

மீட்டர் என்னை ஏமாற்றியதும் உண்டு. 2023-இல் ஒரு காலை கார் முக்கி முக்கிச் சுற்றியது. மீட்டரை வைத்தால் 14.1. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றினால் 14 பக்கம் காட்டும், சரி. அணைத்து நிற்கும் காரில் 14.1 எப்படி வரும்? அரை மணி நேரம் காரைச் சுற்றிவந்தேன். சுவர்க் கடிகாரத்துக்காக வாங்கிய புது 1.5 வோல்ட் பேட்டரியை எதற்கோ அளந்து பார்த்தேன், 1.87 என்றது. கோளாறு மீட்டருக்குள்ளேயே இருந்தது. அதன் வயிற்றில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால் இந்த ரக மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். அதை மாற்றியதும் கார் பேட்டரி 12.04 என்று உண்மையைச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது தலைமையாசிரியர், "பரீட்சைத் தாள் திருத்துறவங்களுக்குச் சாப்பாடு போடலைன்னா இப்படித்தான்" என்றார்.

இன்னொரு நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' கூட இல்லை. வோல்ட் எல்லாம் சரி. கியரை பி-யிலிருந்து (பார்க்கிங்) என்-னுக்கு (நியூட்ரல்) தள்ளித் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காருக்குச் சொல்லும் சுவிட்ச் தேய்ந்திருந்தது. ஆட்டோ கார் வைத்திருப்பவர்கள் டோ வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் இதை ஒரு முறை செய்து பார்க்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் நாலு வெள்ளிக்கு முதலைவாய் கிளிப் இரண்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒயரைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், சாவியைத் திருப்ப மகனை எழுப்ப வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். ஸ்பேனர் தெரியாமல் பாடியில் உரசினாலும் பொறி பறக்காது.

ஆறு வருடத்தில் டயல் மேல் இருந்த எழுத்து பாதி அழிந்துவிட்டது. 20-இல் நிறுத்த வேண்டிய இடத்துக்கு நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி, "டீச்சர், மோட்டார் பைக் ஸ்டார்ட் ஆகல, அந்த மஞ்சப் பெட்டியைக் குடுங்க" என்று வாங்கிப்போனான். அவன் மோட்டார் பேட்டரி 11.4 என்று மட்டும் தகவல் வந்தது, மீட்டர் வரவில்லை. அவனிடமிருந்து பொமென் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டாராம்.