புது லோடு வண்டிக்கு "அண்டர்பாடி கோட்டிங்": கொஞ்சம் உஷார்

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாக லோடு வண்டி எடுக்கப் போகிறீர்களா? ஷோரூம் பில்லில் "அண்டர்பாடி கோட்டிங்" (துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் அடிக்கும் பூச்சு) என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். எனக்கு அந்த ஒரு வரி ஜிஎஸ்டியோடு பத்தாயிரத்தைத் தொட்டது. "பத்து வருஷத்துக்குத் துரு கிட்டயே வராது சார்" என்று கேரண்டி கார்டும் கொடுத்தார்கள்.

என் வண்டியில் பெரும்பாலும் பதனிடாத பச்சைத் தோல்தான் ஏறும். சென்னை பெரியமேட்டில் ஏற்றி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிகளில் இறக்குவேன். தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளிக் கொட்டித்தான் அனுப்புவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வழி நெடுக பலகை இடுக்கில் இறங்கிச் சேஸ் மேல் சொட்டும். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் வெயிலில் நிறுத்தினாலும் முழுசாகக் காயாது. தோல் ஏற்றுகிற வண்டிக்கு வேலூரும் கடற்கரைதான். இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டேன். "அதுக்குத்தான் சார் இந்த கோட்டிங்கே" என்றார் சேல்ஸ் தம்பி.

காலையில் விட்ட வண்டி மதியச் சாப்பாட்டுக்குள் ரெடி. அடியில் குனிந்து பார்த்தால் கன்னங்கரேல் என்று பளபளப்பு. யார்டில் மழைச் சேற்றில் நின்ற வண்டியைக் கழுவிக் காயவைக்கவே ஒரு நாள் வேண்டும்; அரை நாளில் எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, "நம்மகிட்ட மெஷின் இருக்கு சார்."

மழைக்காலம் முடிந்து ஸ்பிரிங் பட்டை பார்க்க மெக்கானிக்கிடம் விட்டபோதுதான் சாயம் வெளுத்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாக நெம்பினார். கறுப்புப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. அதன் பின்பக்கம் செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு காய்ந்த புல் வேறு. பூச்சு இருந்த இடத்தில் இரும்பு நசநசவென்று ஈரமாக, காவி நிறத்தில். "அண்ணே, கம்பெனி பெயின்ட்டோட சும்மா விட்டிருந்தா இதவிட நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மண் மேல் அடித்த தார்ப்பூச்சு இரும்பைப் பிடிக்காது. ரோட்டுக் கல் பட்டு எங்கேயாவது விரிசல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும், திரும்பி வெளியே வர வழி இல்லை. மேலே பார்த்தால் கறுப்பாக நன்றாகத்தான் இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். கேபின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டார்கள். சைலன்சர் மேலும் அடித்திருக்கிறார்கள்; முதல் வாரம் கேபினில் வந்த தீய்ந்த நாற்றத்துக்குக் காரணம் அதுதான். சேஸ் நம்பரும் தாருக்குள் போய்விட்டது. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனால் அந்த நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்போது மெக்கானிக் சொன்னபடி எல்லாவற்றையும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, பிரைமர் அடித்து, மெழுகு வகைப் பூச்சு கொடுத்திருக்கிறோம். அது காய்ந்து வெடிக்காது, ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். தோல் இறக்கிய அன்றே வெறும் தண்ணீரில் அடியைக் கழுவிவிடுகிறேன். எந்தப் பூச்சு அடித்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

ஷோரூமில் கேட்டால் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: உப்பு, ரசாயனச் சரக்கு ஏற்றினால் கேரண்டி செல்லாதாம். "கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டும் கிடையாது" என்று ஒரு மிரட்டல் வேறு. அது பொய். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் 2019 நுகர்வோர் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் குறையைப் பதியலாம். பில், கார்டு, சுரண்டும்போது எடுத்த போட்டோ எல்லாம் வைத்திருக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ஷோரூமிலிருந்து போன் வந்தது. "கோவப்படாதீங்க சார், வண்டிய எடுத்துட்டு வாங்க, ஃப்ரீயா அது மேலயே இன்னொரு கோட் அடிச்சுத் தர்றோம்."