குளவிக்குப் பணமா, ஊர் கூடிக் குச்சி பொறுக்கவா?

சேலத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் நுனி சுருண்டு கொத்தாக நின்றால் விரித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை மாவாக அப்பியிருக்கும். இந்தியாவில் 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி. இதை அடக்கப் பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, ஊர் கூடிச் செய்யும் வேலைக்கா என்பதுதான் கேள்வி.

ஆராய்ச்சிக்குப் போன பணம் என்ன செய்தது? ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவியைத் தருவித்து, பெங்களூருவில் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குளவி கடுகளவுதான். மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும், புழு உள்ளிருந்தே தின்றுவிடும். இதை ஒரு விவசாயி தனியாகச் செய்ய முடியுமா?

ஊர் வேலை மலிவு: தாக்கிய நுனியைக் கிள்ளி எரிப்பது, சுத்தமான குச்சி நடுவது. பக்கத்துக் காட்டுக்காரர் சும்மா இருந்தால் அதுவும் வீண். அவர் மருந்தடித்தாலோ குளவியும் போச்சு.

என் ஓட்டு குளவிக்கு. அப்புறம் ஊர்க்கூட்டத்துக்கும் கொஞ்சம், டீ செலவு உட்பட.